பெட்டியின் மேல் ஒரு கை

மார்ச் 4
காது டாக்டர் இன்று கையை விரித்துவிட்டார். இவளுக்கு இடது காது போன வருடமே போயிற்று. இப்போது வலதும் அவ்வளவுதானாம், கருவி வைத்தாலும் பயனில்லையாம். வெளியே வந்ததும், "என்ன சொன்னாரு?" என்றாள். சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "சரி விடுங்க, எழுத வேண்டாம்" என்றாள்.

மார்ச் 9
சப்வூஃபர் வாங்கிவிட்டேன். பாட்டின் அடி ஒலியை மட்டும் உறுமும் கறுப்புப் பெட்டி. காதால் கேட்காவிட்டால் கையால் கேட்கட்டுமே. பாட்டில்லாமல் ஒரு வெங்காயம் நறுக்காதவள். இவள் தம்பி ரேடியோ மெக்கானிக். "ஞாயித்துக்கிழமை வரேன் மாமா. நீங்க கை வெச்சா விளங்காது" என்றான் போனில். எனக்கா தெரியாது?

மார்ச் 10
ஸ்பீக்கர்களுக்குப் பாட்டை அனுப்பும் ரிசீவரோடு இதை இணைக்க இரண்டு வழியாம். சப்வூஃபருக்கென்றே உள்ள துளையிலிருந்து ஒற்றைக் கேபிள். அல்லது ஸ்பீக்கர் ஒயர்களை முதலில் பெட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஸ்பீக்கர்களுக்கு. இரண்டாவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஒற்றைக் கேபிளையே மாட்டினேன். ஸ்பீக்கர் பெரிதா சிறிதா என்று ரிசீவர் திரையில் கேட்டது. என் இடுப்பு உயரம் இருக்கின்றன. பெரிது என்றேன்.

மாலையில், என்ன பாட்டு என்று சிலேட்டில் எழுதிக் காட்டிவிட்டுப் போட்டேன். பெட்டி மேல் கையை வைத்துக் கண்ணை மூடினாள். "தெரியுதுங்க" என்றாள். விரலால் தாளம் போட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 12
இன்றும் மூன்று பாட்டு.

மார்ச் 13
மகள் போன் செய்தாள். பழக்கதோஷம், இவளிடம் நீட்டிவிட்டேன். இவளும் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் சிரித்த முகமாக இருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மார்ச் 15, ஞாயிறு
மச்சினன் வந்து பெட்டியைத் தொட்டான். இவள் குளித்துக்கொண்டிருந்தாள்.
"மாமா, இது பேசாமடந்தையா இல்ல இருக்கு?"
"லைட் எரியுதேடா!"
"எரிஞ்சா போதுமா? ஸ்பீக்கர் பெரிசுன்னு சொல்லி வெச்சிருக்கீங்க. எல்லாத்தையும் அதுங்களே பாத்துக்கும்னு ரிசீவர் இதுக்குப் பாட்டையே அனுப்பல. சினிமால குண்டு வெடிச்சாத்தான் இது முழிக்கும்."

நான் ஒரு நாளும் கை வைத்துப் பார்க்கவில்லை. அது இவள் இடம் என்று விட்டிருந்தேன். அப்படியென்றால் இத்தனை நாளும்— என்னடி இது? எனக்காகவா?

ஒயர்களை இரண்டாவது வழியில் மாற்றினோம். உள்ளங்கை அதிர்ந்தது.

மார்ச் 16
பாட்டைப் போட்டேன். கையை வைத்தவள் சுட்டதுபோல் வெடுக்கென்று எடுத்தாள். என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. மறுபடி வைத்து, வெகுநேரம் இருந்தாள்.

"இடிக்குதுங்க. பாட்டா இல்ல." பிறகு, "அது சும்மா இருந்தப்ப மனசுக்குள்ள பாடிக்கிட்டேன். இப்ப இது குறுக்க வருது."

'எல்லாம் ஞாபகம் இருக்கா?' என்று எழுதினேன்.

"பல்லவி இருக்கு. சரணமெல்லாம் ஒண்ணொண்ணா போகுதுங்க."

மார்ச் 17
ஒயர்களைக் கழற்றிவிட்டேன். பாட்டும் போடவில்லை. அவள் பெட்டி மேல் கையை வைத்துத் தாளம் போட்டாள். பல்லவி முடிகிற இடத்தில் விரல் நின்றது. சரணத்தின் முதல் வரியை எழுதிக் காட்டினேன். இரண்டு தரம் படித்தாள்.

"தெரியுதுங்க" என்றாள். விரல் அசையவில்லை.