கைநாட்டா, கையெழுத்தா

ஐப்பசி 4, திங்கள்.
விடியலிலிருந்து மழை. கச்சேரி ரோட்டில் முழங்கால் தண்ணீர். டீக்கடைப் பலகை முழுதும் நானே படித்தேன், ‘இங்கே அரசியல் பேசாதீர்’ வரை. அறுபத்தெட்டு வயதில் இப்படியொரு சந்தோஷம்.

பிறகு வக்கீல் வீடு. மகன் முருகேசன் வழக்கு. பின்னறைக் கூரை ஓட்டைப் பிரித்து, வெயில் விழக் கண்ணாடி பதித்து, பதினோரு மண்ணெண்ணெய் டின்னில் கஞ்சாச் செடி வளர்த்தான். என்னிடம் மூலிகை என்றான். நானும் தண்ணீர் ஊற்றினேன்.

போலீஸ் வந்த அன்று ஏட்டு கேட்டார்: “இன்னா பெருசு, கைநாட்டா?” ரோஷம் வந்துவிட்டது. பேனா வாங்கி, அவர் நீட்டிய மூன்று தாளிலும் ஏழுமலை என்று எழுதினேன். மேலே இருந்ததைப் படிக்கவில்லை. செடியெல்லாம் மகன் வளர்த்தது என்று இருந்ததாம்.

வக்கீல்: “எழுதப் படிக்கத் தெரியாது, ஏட்டுதான் கையைப் பிடிச்சு எழுத வெச்சார்னு சொல்லிடுப்பா. வேற வழியே இல்லை.”
சரி என்றேன்.

5, செவ்.
மழை விடவில்லை. எழுத்துப் படிக்கும் முதியோர் வகுப்புக்குப் போகவில்லை. டீச்சர் முகத்தை எப்படிப் பார்ப்பது.
மருமகள் சமைக்கவில்லை. “மாமா, நாளைக்கு கரீட்டா சொல்லிடுவல்ல?” மூன்று தரம் கேட்டாள்.
எடுக்க வேண்டியது: வெள்ளை வேட்டி, குடை. எடுக்கக் கூடாதது: மூக்குக்கண்ணாடி, பேனா.

6, புதன்.
கோர்ட்டு. வாசல் பலகையில் மகன் மு. பெயர். விரல் வைத்துப் படித்துவிட்டேன். ஒரு நொடி மகிழ்ச்சி. சீ.

கூண்டில் ஏறிச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் சொன்னேன். படிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது. வக்கீல் தலையாட்டினார். நான் சொன்னதை எழுதிய தாளைக் குமாஸ்தா நீட்டினார். பக்கத்தில் மைப்பெட்டி, பேனா இரண்டும். கை பேனாவுக்குப் போய்விட்டது. முழுப் பெயர். ‘ழு’வுக்குச் சுழி உட்பட. நிமிர்ந்தால் எல்லோரும் என்னையே.
நீதிபதி: “கையெழுத்து நல்லா இருக்கே, பெரியவரே.”
யாரோ சிரித்தார்கள். மு. சிரிக்கவில்லை.

7, வியாழன்.
தீர்ப்பு. முதல் தப்பு, பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள், அபராதம் போதும் என்று வக்கீல் மன்றாடினார். “கூரையைப் பிரிச்சுக் கண்ணாடி போட்டவன் தெரியாமயா செஞ்சான்?” என்றார் நீதிபதி. ஒரு வருடம் கடுங்காவல்.

மு. ஏறிய போலீஸ் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
“வுடு நைனா. எல்லாரும் பாக்குறாங்க, அழுவாத.”
வாராவாரம் கடிதம் எழுதுகிறேன் என்றேன்.
“எனுக்கு யாரு படிச்சுக் காட்டுவா? எட்டு வயசுல இஸ்கூல்லேர்ந்து ரிக்ஷா பின்னாடி தள்ளச் சொல்லி இட்டுனு போய்ட்டியே, நைனா.”
அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.