கரை நலம் கூவாத பூதியை விடுவிக்கும் ஓலை

எட்டுத் திசையும் கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டிய பெருஞ்செய்தி ஒன்று இந்த ஓலையில் வருகிறது. திரு நிலைக்க, குடை நிழல் பரப்ப, கோல் வளையாது நிற்க. நெடுங்குன்ற நாட்டின் பதினாறாம் வேந்தர், பகைவர் கேட்டால் நடுங்குவதும் நண்பர் கேட்டால் எழுந்து நிற்பதுமான பெயருடைய கோ விறற்சேந்தரின் திருவாய்மொழியால், அவருடைய ஓலைநாயகம் சாத்தன் பெருந்தேவன் எழுதுவது. கருங்குவளைப் பேரேரியின் காவலரும், கரைகளின் கதிரவரும், மதகுகளின் மன்னரும், விழிப்பின் வேங்கையும், பின்னேட்டில் வரிசையாய் எழுதிய வேறு பன்னிரு பட்டங்களுக்கு உரியவரும், சென்ற ஆவணியில் நீர்நிலைச் சிங்கம் என்று பதினேழாம் பட்டம் பெற்றவருமான ஏரிநாயகம் கொற்றன் மாவேள் கண்டு, உட்கார்ந்து படிக்க. உம் ஏரியும், ஏரியின் கீழுள்ள ஏழூரும், ஏழூரின் ஆடுமாடுகளும் நலமாய் இருக்குமாக. இந்த வாழ்த்து வழக்கத்துக்காக எழுதியதன்று.

முதலில் உம் ஓலைக்கு மறுமொழி. கரையின் பதினோராம் காவலில் நிற்கும் பூதி என்பவள் மூன்று நாளாய்க் ‘கரை நலம்’ என்று கூவவில்லை என்றும், பன்னிரு காவலரும் ஒருவர் பின் ஒருவராய்க் கூவி உம் மாளிகை வரை கொண்டு சேர்க்கும் குரல்மாலை அவளால் அறுந்தது என்றும், அதனால் அவளைக் காவற்கூடத்தில் அடைத்திருப்பதாகவும், கூவாத நாவு அரசுக்கு வேண்டாததாகையால் வரும் முழுமதி நாளில் அதை அறுக்க ஒப்புதல் அருளும்படியும் எழுதியிருந்தீர். அந்த ஓலையில் பதினோரு ஏடு உம் பட்டங்களுக்குப் போயிற்று. நாவைப் பற்றி ஒரு வரி இருந்தது.

அந்த ஒரு வரி உறுத்தியதால் நானே பல்லக்கேறி உம் ஊருக்கு வந்தேன். வந்ததும் கண்டதும் உமக்குத் தெரிந்தவையே. ஆயினும் அரண்மனைச் சுவடியில் நிற்க வேண்டியவை ஆதலால் எழுதுகிறேன், பொறுத்துப் படியும்.

பழைய வழக்கத்தில் காவலர் மூன்று நாழிகைக்கு ஒரு முறை தத்தம் பங்குக் கரையை இறங்கி நடந்து, ஓட்டை உடைசல் பார்த்து, பார்த்து முடித்த பின் கூவுவர். நடந்து பார்த்துவிட்டேன் என்பதுதான் அந்தக் கூவலுக்குப் பொருள். இந்த வழக்கத்தில் ஊக்கம் போதவில்லை என்று நீர் கண்டுபிடித்தீர். திங்கள்தோறும் எவன் குரல் மிகப் பெரிதோ அவனுக்குப் பட்டுத் தலைப்பாகையும், கரைமுழக்கன் என்ற பட்டமும், உம் பந்தியில் ஓர் இலையும் என்று திட்டம் வகுத்தீர். அந்தத் திட்டத்தை வேந்தரிடம் பரிந்துரைத்தது இந்தக் கைதான். ஓலை அழகான கையெழுத்தில் இருந்தது. முழுதும் படிக்கவில்லை.

குரல் எட்டுவதற்காக ஒவ்வொரு காவலுக்கும் பரண் எழும்பியது. மூன்றாம் காவலன் வெள்ளிதோறும் அரை நாள் தவிர ஆடி முதல் பரணை விட்டு இறங்கவே இல்லை என்று என்னிடம் மார்தட்டினான். சோறும் அவனுக்குக் கயிற்றில்தான் ஏறுகிறதாம். ஐந்தாமவன் மிளகுக் கஷாயம் தவிர வேறொன்றும் தொண்டையில் இறக்குவதில்லை. எட்டாமவன், காற்று வாட்டமாக இருக்கும் நாளில் தன் வீட்டு வாசலிலிருந்தே கூவிவிடுவதாகவும், அதிலும் இரண்டு முறை பரிசு வாங்கியிருப்பதாகவும், ஒளிவு மறைவின்றிச் சொன்னான். நல்ல மனிதன். இவர்களில் எவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கூவுவதற்குப் பரிசு வைத்தோம், கூவினார்கள். பார்ப்பதற்கு நாம் ஒரு வெற்றிலை கூட வைக்கவில்லையே.

இதற்கு மேல், விழிப்பின் மேன்மை குறித்து நீர் வெள்ளிதோறும் அரை நாள் ஆற்றும் பேருரைக்குப் பன்னிரு காவலரும் வந்தாக வேண்டும் என்றும், அந்த அரை நாள் கரையில் காக்கை தவிர எவரும் இருப்பதில்லை என்றும் அறிந்தேன். ‘விழிப்பே வெற்றி’ என்று பெருமதகில் வெட்டச் சொன்னீராம். கல் விரிசல் கண்டிருக்கிறது, உளி தாங்காது என்று கல்தச்சன் கும்பிட்டுச் சொல்ல, அப்படியானால் எழுத்தைச் சிறிதாக வெட்டு என்றீராம். சிறிதாகத்தான் வெட்டியிருக்கிறான். விரிசல் பெரிதாகியிருக்கிறது.

பிறகு காவற்கூடத்தில் பூதியைக் கண்டேன். கைகள் முழங்கை வரை களிமண் காய்ந்து வெடித்திருந்தன. பதினோராம் காவலின் அடிக்கரையில் நண்டு வளைகள் நான்கு உள்ளுக்குள் ஒன்றாய்க் கூடி, மறுபுறம் கலங்கல் நீர் கசிந்ததை அவள் முதல் நாளே கண்டாளாம். பரணிலிருந்தவர்களை உதவிக்கு அழைத்தாளாம். கீழே இறங்கினால் அந்த வேளைக் கூவல் தவறும் என்று எவரும் வரவில்லை. வைக்கோல் பிரியைத் திணித்து, களிமண் அறைந்து, கரைந்த இடத்தில் மீண்டும் அறைந்து, மூன்று நாள் ஒற்றையாளாய் அங்கேயே கிடந்திருக்கிறாள். ஏன் கூவவில்லை என்று கேட்டேன். அவள் சொன்னதைச் செந்தமிழ் ஆக்காமல் அப்படியே எழுதுகிறேன்.

“ரெண்டு கையும் வளைக்குள்ள. பிரிக் கயிறு வாயில. எதை வச்சு ஐயா கூவ?”

பிறகு அவளே என்னைக் கேட்டாள். “என்னை அடைச்சது இருக்கட்டும். அந்த வளைகிட்ட இப்ப யாரு இருக்கா?”

இதைத்தான் நானும் உம்மிடம் கேட்டேன். நாட்டிலேயே பெரிய குரலுடைய முழங்கன் கீரனை அங்கே நிறுத்தியிருப்பதாகப் பெருமிதத்தோடு சொன்னீர். போய்ப் பார்த்தேன். குரல் பெரிதுதான், பல்லக்குத் தூக்கிகள் காதைப் பொத்திக்கொண்டனர். கணுக்கால் நீரில் நின்றபடி அவன் ‘கரை நலம்’ என்று கூவினான். காலடியில் என்ன நீர் என்று கேட்டேன். பனி என்றான். உச்சிவேளையில்.

நானும் தூக்கிகள் நால்வருமாய் அன்று இருபது கூடைக் களிமண் கொட்டினோம். அவர்கள் பதினெட்டு, நான் இரண்டு. எங்கே திணிப்பது, எப்படி அறைவது என்று எங்கள் ஐவருக்கும் தெரியாது. கொட்டியது கரைந்தது. பூதியை ஒரு நாழிகையேனும் வெளியே விடும் என்று உம்மைக் கேட்டேன். அரச முத்திரையின்றிக் கதவு திறப்பது மரபன்று என்றீர். கரை கசிகிறது என்றேன். அப்படி வெளிப்படச் சொன்னால் காவலரின் ஊக்கம் குலையும் என்றீர். அன்று மேற்கே மலைமேல் மேகம் எருமை மந்தை போல் அசையாமல் நின்றிருந்தது. நீர் அதைப் பார்க்கவில்லை, எனக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தீர்.

தலைநகர் திரும்பினேன். முத்திரை இடும் அதிகாரி, உம் பட்டங்களில் ஒன்றேனும் விடுபட்டால் ஓலை செல்லாது என்று சொல்லி, பதினேழையும் சுவடியோடு ஒப்பிட மூன்று நாள் எடுத்துக்கொண்டார். கதிரவருக்கு முன் மன்னர் வருவாரா, பின் வருவாரா என்பதில் ஒரு பகல் போயிற்று. நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். வேறென்ன செய்ய.

ஆகையால் வேந்தரின் ஆணை இது. பூதியின் நாவு அவளுடையது, அதை எவரும் தொடலாகாது. ஓலை கண்ட நொடியில் உம் கையாலேயே கதவைத் திறந்து அவளைப் பதினோராம் காவலுக்கு அனுப்புக. அவள் கேட்கும் ஆளும் மண்ணும் வைக்கோலும் கேட்ட மாத்திரத்தில் தருக. பன்னிரு பரணையும் பிரித்து அந்த மரத்தைக் கரைக்கு முட்டுக் கொடுக்க. முழங்கனை ஏழூருக்கும் அனுப்பி, மேட்டுக்கு ஏறச் சொல்லிக் கூவ வைக்க, அந்தக் குரலுக்கு அதுவே வேலை. நீரும் மண்கூடை சுமக்க. இந்த ஆணையைப் பாராட்டி விழா எடுக்கலாகாது.

இப்படிக்கு, அரண்மனைக் கீழைவாயிலில், ஐப்பசி ஒன்பதாம் நாள், வேந்தரின் இரட்டைக் களிற்று முத்திரை பதித்து, அரக்கு உலர்ந்த பின், விரைகுதிரை வீரன் கையில் தந்தது. ஞாயிறும் திங்களும் உள்ளவரை இவ்வாணை நிற்பதாக.

மேற்கு மலையில் நேற்று முதல் மழை. மலைவெள்ளம் ஏரிக்கு வர ஒரு நாள் ஆகும், இந்த ஓலை வர இரண்டு நாள் ஆகும்.