காதர் வீட்டு வெள்ளைக்கோழி

ஆடி 5, திங்கள்

காற்று. விடிந்ததிலிருந்து தென்னை மட்டை மூன்று விழுந்துவிட்டது. கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்றினேன்.

பக்கத்து வீட்டுக் காதர் இன்று குடிபோனான். கோவையில் மகன் வீடு, நாலாவது மாடி. இனி கா. என்றே எழுதுகிறேன், கை வலி. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. இந்த எழுத்தே அவன் தகரக் கடையில் போர்டு எழுதும்போது பக்கத்தில் குந்திப் பழகியது.

வேனில் ஏறியவை: கட்டில், மிக்சி, அவன் மனைவி நூர்ஜகானின் தையல் மிஷின், பிளாஸ்டிக் குடம் நாலு. ஏறாதவை: கோழி ஐந்து. நம் வீட்டுக்கு வந்துவிட்டன.

சிறுவிடை, குட்டை நாட்டுக்கோழி, இரண்டு. கருங்கோழி ஒன்று. கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்து ஒன்று. பண்ணை வெள்ளை ஒன்று.

நம்மிடம் பெரிய இனம், பெருவிடைப் பெட்டை ஏழு, சேவல் ஒன்று. ஒவ்வொன்றும் நின்றால் என் முழங்கால் உயரம்.

கா.வின் மகன் நல்ல பையன்தான். "ரெண்டு வாரம் பாருங்க மாமா. சேரலைன்னா செரமப்படாதீங்க. கறிக்கடைல சொல்லிக்கலாமுங்க" என்றான். கா. அந்தப் பக்கம் திரும்பி வாசல் பூட்டை இழுத்துப் பார்த்தான். நன்றாகத்தான் பூட்டியிருந்தது.

வெள்ளையை மட்டும் தனியாக என் கையில் தந்தான். "இது நூரு எடுத்தது மாப்ளே."

எனக்குத் தெரியாதா. பைபாஸில் பண்ணை லாரியிலிருந்து விழுந்தது. முந்தானையில் சுற்றி எடுத்துவந்தாள். மாலை நாலரை இருக்கும், தூறல், பச்சைச் சேலை. "அண்ணா, இதுக்குத் தரையே தெரியாதுங்க, பாருங்க, மண்ணுல கால் வெக்கறதுக்குப் பயப்படுது" என்று சிரித்தாள். நூர்ஜகான் போய்ச் சேர்ந்து வருகிற கார்த்திகைக்கு ஒரு வருஷம்.

ஆடி 6, செவ்வாய்

தப்புச் செய்துவிட்டேன். எல்லாம் கோழிதானே என்று காலையில் மொத்தமாகத் திறந்துவிட்டேன். கம்பு இறைத்தேன். அவ்வளவுதான்.

சேவலால் தொல்லை இல்லை. பெட்டைகள்தான். அதிலும் நம் செவலை. அவள்தான் இங்கே பெரியவள். கருங்கோழியை வேலி வரை துரத்தினாள். சிறுவிடைகள் பறந்து மாமரத்தில் ஏறிக்கொண்டன. மொட்டைக்கழுத்து திருப்பி ஒரு கொத்து வைத்தது, அதற்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை.

வெள்ளைக்கு ஓடத் தெரியவில்லை. மூலையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. கொத்த வந்தால் நிற்பதுதான் அதற்குத் தெரியும். பண்ணையில் மூக்கு நுனியை வெட்டிவிட்டிருக்கிறார்கள், திருப்பிக் கொத்தவும் ஆகாது.

என் வீட்டுக்காரி தங்கமணி துடைப்பத்தோடு வந்தாள். "ஏனுங்க, விருந்துக்கு ஒறம்பரையக் கூப்புட்டு உள்ள உட்டுப்போட்டு, நம்மூட்டாளுங்களை உட்டு அடிக்க வெக்கறீங்களா?"

ஐந்தையும் கொடாப்புக் கூடையில் போட்டு மூடினேன். மூங்கில் சந்து வழியாக இவை அவற்றைப் பார்க்கட்டும், அவை இவற்றைப் பார்க்கட்டும். தீனி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்.

தங்கமணிக்கு மூட்டு வலி மாத்திரை வாங்க மறந்தேன்.

ஆடி 8, வியாழன்

கா. போன். பொழுது சாயும்போதெல்லாம் வேலியில் சாய்ந்து பேசுவோம், அந்த நேரத்துக்கே கூப்பிடுகிறான்.

"என்ன மாப்ளே, சேந்துச்சா?"

"சேந்துபோச்சு. அண்ணன் தங்கச்சியாட்ட இருக்குதுங்க."

சொல்லி வாய் மூடவில்லை, கொடாப்புச் சந்தில் நீட்டிய வெள்ளையின் தலையில் செவலை ஒன்று போட்டாள். அது போட்ட சத்தம் கோவை வரைக்கும் கேட்டிருக்கும்.

"அதென்ன சத்தம்?"

"பக்கத்து ஊட்டுல."

"பக்கத்து ஊடு என்னோடது மாப்ளே. பூட்டிக் கெடக்குது."

பிறகு அவனே, லிப்டில் எந்தப் பொத்தான் என்று தெரியாமல் ஏழாவது மாடிக்குப் போய் யாரோ வீட்டுக் கதவைத் தட்டிய கதையைச் சொன்னான். சிரிப்பாகத்தான் சொன்னான்.

ஆடி 10, சனி

காற்று குறையவில்லை. கண்ணில் மண்.

கா.வின் கோழிகள் நான் வாயால் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவன் டப்பாவைத் தட்டித்தான் கூப்பிடுவான். பால்பவுடர் டப்பாவைக் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். ஐந்தும் எழுந்து நின்றன. தங்கமணி சமையலறையிலிருந்து, "அந்தக் கரண்டிய உள்ள கொண்டாராதீங்க."

மத்தியானம் திறந்துவிட்டேன். சிறுவிடைகள், கருங்கோழி, மொட்டைக்கழுத்து, நாலும் தள்ளி நின்று மேய்ந்தன. பரவாயில்லை. வெள்ளைக்கு மட்டும் கொண்டைக்குப் பின்னால் ரத்தம். ரத்தத்தைப் பார்த்தால் மற்றதும் கொத்தும். தூக்கிவந்து மஞ்சள் குழைத்துப் பூசினேன். கையில் அடங்கி உட்கார்ந்தது. நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டது.

எடை ஒன்றுமில்லை. இறகுதான்.

ஆடி 11, ஞாயிறு

மஞ்சள் பூசியது பெரிய தப்பு. வெள்ளை இறகில் தலையும் முதுகும் பளீரென்று நிற்கிறது. நேற்று வரை அது வேற்றூர்க் கோழி. இன்று கோழியே இல்லை என்று நினைத்துவிட்டன போல. இதுவரை சும்மா இருந்த பெட்டைகளும் சேர்ந்து துரத்தின. கா.வின் சிறுவிடை ஒன்றும் கூடச் சேர்ந்தது. கூடப் பிழைத்ததே கொத்துகிறது.

வெள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழுவினால் புண் நனையும். கழுவாவிட்டால் மற்றவை கொன்றுவிடும். கறிக்கடையில் சொல்ல நான் மாட்டேன். ஆனால் கா.விடம் என்ன சொல்வது.

அப்போதுதான் தோன்றியது. இதன் மஞ்சளை எடுக்க முடியாவிட்டால் மற்றதற்கும் பூசிவிடலாமே.

வாளியில் மஞ்சள் தண்ணீர். ஒவ்வொன்றாகப் பிடித்து முதுகு, கழுத்து, தலை. சேவல் உட்பட பன்னிரண்டுக்கும். செவலைக்கு இரண்டு கை கூடவே. சேவல் என் கையைக் கிழித்தது.

தங்கமணி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கோயில் நோம்பி முடிஞ்சு மொறைமாப்பளைக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறாப்புல ஊத்தறீங்க. அரைக் கிலோ பொடிங்க அது. சாம்பாருக்கு என்ன பண்றதாமா?"

ஆனால் கடைசி மூன்று கோழியைப் பிடித்துத் தந்தது அவள்தான்.

ஆடி 13, செவ்வாய்

வாசல் முழுக்க மஞ்சள் கோழி. பால்காரர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

எதற்கும் எது யாரென்று தெரியவில்லை. செவலை கருங்கோழியிடம் போய் முறைத்தாள், தன் கூட்டாளியிடம் போய் முறைத்தாள், பிறகு அலுத்துப்போய் மண்ணைக் கிளற ஆரம்பித்தாள். வெள்ளைக்கு விழுந்த கொத்து இன்று முழுக்க இரண்டு. வேகமும் இல்லை.

வெள்ளை, செவலைக்குப் பின்னால் நின்று அவள் கிளறுவதைப் பார்த்தது. பிறகு தன் காலைத் தூக்கி ஒரு இழுப்பு. மண்ணில் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு இழுப்பு. இரண்டு வருஷம் கா. வீட்டில் இருந்தும் கிளறத் தெரியாமல் தட்டில் போட்டதைத் தின்றது.

கா.வுக்குப் போன் செய்து சொன்னேன். "நெசமாவா?" மூன்று தடவை கேட்டான். போன தடவை பொய் சொன்னதன் பலன்.

ஆடி 15, வியாழன்

தூறல். மாத்திரை வாங்கியாயிற்று.

கா. போன். குரலில் துள்ளல். மகன் ஒரே ஒரு கோழிக்குச் சம்மதித்துவிட்டானாம். பால்கனியில் வைத்துக்கொள்ளலாம். "ஞாயித்துக்கெழமை வாரேன் மாப்ளே. வெள்ளையக் கொண்டு போயிக்கிறேன்."

நல்லது என்றேன்.

நல்லதுதானே. அவனுடையது. நூர்ஜகான் எடுத்தது. நாலு சுவருக்குள் அவனுக்கும் ஒரு துணை.

மோர் குடிக்கப் பிடிக்கவில்லை. தங்கமணி கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன்.

ஆடி 18, ஞாயிறு

வெயில். ஆடிப்பெருக்கு. தங்கமணி எலுமிச்சைச் சோறு, தயிர்ச் சோறு, தேங்காய்ச் சோறு.

கா. பதினோரு மணி பஸ்ஸில் வந்தான். கையில் அட்டைப்பெட்டி, ஓரத்தில் காற்றுக்கு ஓட்டை போட்டது. தகரம் வெட்டிய கை, ஓட்டைகள் நூல் பிடித்த மாதிரி.

"வாங்கண்ணா. இளைச்சுப்போட்டீங்களே" என்றாள் தங்கமணி.

"லிப்டுல போனா எப்புடிம்மா ஒடம்பு வெக்கும்?"

தன் வீட்டுப் பூட்டைப் பார்த்தான், பக்கத்தில் போகவில்லை. நேராகக் கோழிகளிடம் வந்தான். மஞ்சள் வெளிறிவிட்டது, ஆனால் இன்னும் தெரிகிறது. எல்லாம் எருக்குழி ஓரம் மண்குளியல். மண்ணைத் தோண்டிப் படுத்து இறகை அடித்துக்கொண்டிருந்தன. செவலையின் குழியிலேயே, அவள் மேல் சாய்ந்த மாதிரி, வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு.

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி நின்றான். கூப்பிடவில்லை. ரொம்ப நேரம்.

"பால்கனி டைல்ஸ் மாப்ளே" என்றான் பிறகு.

பெட்டியை மடித்துத் தட்டையாக்கி என்னிடம் தந்தான். "அடுப்புப் பத்த வெக்க ஆகும்."

சாப்பிட்டோம். மூன்று சோறும் இரண்டு தரம். மஞ்சள் கதையைத் தங்கமணி நடித்தே காட்டினாள், நான் சேவலிடம் கிழிபட்டது உட்பட. அவன் சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"எனக்குங் கொஞ்சம் பூசிவுடு மாப்ளே. அங்க எல்லாரும் ஒரு மாதிரியாப் பாக்கறாங்க."

தங்கமணி சிரிப்பை நிறுத்திவிட்டாள். எழுந்து உள்ளே போய் மஞ்சள் டப்பாவோடு வந்து என் பக்கத்தில் வைத்தாள். நான் தண்ணீர் தொட்டுக் குழைத்து அவன் இரண்டு முன்கையிலும் பூசினேன். கையை நீட்டியபடி, கோழி மாதிரி அடங்கி உட்கார்ந்திருந்தான்.

ஐந்தரை பஸ். கழுவாமலே ஏறினான்.