பெரியப்பா பக்கத்துச் சுவர்

உடையார்பாளையம்

அன்புள்ள தம்பி திருமுருகனுக்கு அம்மா எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நீயும் அம்பிகாவும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் மஸ்கட் வருகிற வளர்மதி மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ போட்டோ அனுப்பின மாதிரியே வெளிச்சுவருக்குச் சொரசொரப்புப் பூச்சு போட்டாகிவிட்டது. சிமெண்ட் லாரி ஓடுகிற ஊரில் புழுதி அப்பிக்கொள்ளும், வழவழப்பாகத் தேய்த்துவிடலாம் என்று கொத்தனார் முருகையன் சொன்னார், பிள்ளை கேட்டது அதுதான் என்று அப்பா ஒரே பிடி. காலையும் சாயந்திரமும் ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு சுவரைக் குளிப்பாட்டினார், எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்திருப்பாரா இந்த மனுஷன்.

ஆனால் மூணு பக்கம்தான். பெரியப்பா பக்கம் இன்னமும் வெறும் செங்கல். நம் சுவர் எல்லையை ஒட்டி நிற்கிறது, சாரம் கட்டினால் அவர் வாசலில்தான் கால் ஊன்ற வேண்டும், வரப்புச் சண்டைக்குப் பிறகு அவர் விடவில்லை என்பது உனக்குத் தெரியும். தெரியாதது இது. ஆடியில் படுக்கையில் விழுந்ததும், சாரத்தைக் கட்டிக்கச் சொல்லு, நான் கண்ணால பாத்துட்டுப் போறேன் என்று பெரியம்மாவிடம் சொல்லியனுப்பினார். அவரே வந்து சொல்லட்டும் என்றுவிட்டார் அப்பா. எழுந்திருக்க முடியாதவர் எப்படி வருவார்? மன்றாடிப் பார்த்தேன். ஐப்பசியில் பெரியப்பா தவறினதை மட்டும்தான் உனக்குப் போனில் சொன்னேன்.

பெரியப்பாவை எடுத்த அன்றுதான் அப்பா அந்த வாசலில் கால் வைத்தார். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் நம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கலவை பிதுங்கி, பாசி பிடித்து, அங்கிருந்து பார்த்தால் வீடா அது. பெரியப்பாவின் கட்டில் அதற்கு நேர் எதிரே கிடந்தது. கருமாதி முடிந்து அவர் மகன் பூவரசனிடம் நானே போய்க் கேட்டேன். எங்கப்பா கூப்பிட்டப்ப வராதவங்க இப்ப எதுக்கு வரீங்க சித்தி என்றான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மழை அந்தச் சுவரில்தான் சாத்துகிறது. உங்களுக்கென்று கட்டின அறை முழுக்க ஓதம், பூஞ்சை வாடை. அந்தப் பக்கத்துக்கென்று வைத்திருந்த சிமெண்ட் மூட்டைகள் கல்லாக இறுகிவிட்டன, அப்பா அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார். பாப்பாவுக்கு இளைப்பு இருக்கிறது, அவளை எங்கே படுக்க வைப்பேன்? பொங்கலுக்கு வர வேண்டாம் தம்பி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருங்கள். பாப்பாவுக்குச் சுடுதண்ணீரே கொடு. அப்பாவிடம் பேசும்போது மறக்காமல் பூச்சு நன்றாக வந்திருக்கிறது என்று சொல். நாலாவது பக்கத்தைப் பற்றி எதுவும் கேட்காதே.

உன் அம்மா
மருதாயி