சோறு கொண்டு வந்தவள்

ஜொகூர் பாரு
20 ஜனவரி 2024

தம்பி செல்வாவுக்கு,

அக்கா மலர் எழுதுகிறேன். நான் நலம், உன் மச்சான் நலம், பிள்ளை லோகாவும் நலம். உன் நலத்தைக் கேட்கும் எண்ணம் இல்லை.

நீ அனுப்பிய பொங்கல் சேலை வந்து சேர்ந்தது. நல்ல நிறம்தான். வந்த பையிலேயே இந்தக் கடிதத்தோடு திரும்பி வருகிறது. உன் மச்சான், "பொறந்த வீட்டுச் சேலையத் திருப்பி அனுப்பாத, பாவம்லா" என்றார். பாவ புண்ணியத்தை அவன் தோட்டத்து ஆபீஸில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

"அக்கா போன்ல என் நம்பரை ஏன் தடுத்து வச்சிருக்காங்க" என்று லோகாவிடம் கேட்டாயாம். போனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் இளகிவிடுவேன். அது உனக்குத் தெரியும். கடிதத்தில் எவ்வளவு அழுதாலும் காகிதம்தான் நனையும். அதனால் ஏதாவது சொல்ல இருந்தால் எழுது.

கண் போனதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். உன் மச்சான் வெட்டிய செம்பனை மட்டை காற்றில் திரும்பி என் முகத்தில் விழுந்தது. அதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது? அவர் அன்றிலிருந்து வெட்டுக் கம்பைத் தொடவில்லை. இங்கே ஒரு கடை வரிசையில் காவலுக்கு நிற்கிறார். இந்தோனேசியாவில் லொம்போக்கிலிருந்து வந்த வெட்டுக்காரன் ஜுனைடி தன் சட்டையைக் கழற்றி என் முகத்தில் கட்டி, மோட்டாரில் உட்காரவைத்துக் கிளினிக் கொண்டுபோனான். நீ ஆபீஸில் இருந்தாய். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "அவங்க இங்க வேலை செய்யல சார். மச்சானுக்குச் சோறு கொண்டாந்தாங்க, அவ்வளவுதான்." பதினோரு வருடம் அந்தச் செம்பனை மரங்களுக்குக் கீழே குனிந்து உதிர்ந்த பழம் பொறுக்கினேன், மட்டை அடுக்கினேன், குலை தூக்கினேன். அதெல்லாம் உன் வாயில் ஒரு தூக்குச் சட்டிச் சோறாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீ கூடப்பிறந்த அக்காவையே மறைத்துவிட்டாய்.

உன் அக்கா
மலர்

---

ரெங்கம்
3 பிப்ரவரி 2024

அன்பும் மரியாதையும் மிகுந்த அக்காவுக்கு,

தம்பி செல்வா வணக்கத்துடன் எழுதுவது. சேலை வந்தது. பையைப் பிரித்தபோது என் வீட்டுக்காரி பக்கத்தில் நின்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் பார்த்துப் பார்த்து எடுத்த சேலை அது.

இங்கே மழை ஓயவில்லை. லோரி உள்ளே போக முடியாமல் குலைகள் அழுகுகின்றன. மேனேஜர் கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுகிறார். பிள்ளைகள் நலம். சின்னவன் "அத்தை ஏன் வரமாட்டேங்கிறாங்க" என்று கேட்கிறான்.

அக்கா, கோபம் தணிந்த பிறகு இதைப் படியுங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிடும் பெயர்களில் உங்கள் பெயர் இல்லை. எந்த மனைவியின் பெயரும் இல்லை. புருஷன் வெட்டுவான், பெண்டாட்டி பொறுக்குவாள், எடை எல்லாம் புருஷன் பெயரில் ஏறும். தோட்டத்து நடப்பே அதுதான். நான் பெயர் எழுதும் கிராணியானதும், உங்கள் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன். "நம்ம தம்பியே கிராணியா இருக்கறப்ப எனக்கு எதுக்குடா பேரு" என்று சொன்னது நீங்கள். பெயர் இல்லாதவருக்குச் சொக்சோ காப்புறுதி இல்லை, இழப்பீடும் இல்லை. நீங்கள் வேலை செய்தீர்கள் என்று நான் சொல்லியிருந்தால், பெயர் எழுதாமல் எப்படி வேலை வாங்கினாய் என்றுதான் அடுத்த கேள்வி வரும். பழி என் தலையில் விழும். வேலை போகும். வேலை போனால் இந்த வீடும் போகும். பிள்ளைகளோடு நான் எங்கே போவேன்?

நீரடித்து நீர் விலகுமா அக்கா? லோகாவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று யாரோ சொல்லித் தெரிந்துகொண்டேன். தாய்மாமன் நான் ஒருவன் இருக்கிறேன். அவள் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவன் நான். அதையும் என்னிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

உங்கள் அன்புத் தம்பி
செல்வா

---

ஜொகூர் பாரு
15 பிப்ரவரி 2024

தம்பிக்கு,

ஆமாம், எனக்கு எதற்குப் பெயர் என்று நான்தான் சொன்னேன். கூடப்பிறந்தவனிடம் போய், பெயரை எழுது, அத்தாட்சி கொடு என்று நிற்பதா? நம் சனத்துக்கு மட்டுமே வரும் புத்தி அது. வேறு எவன் கிராணியாக இருந்தாலும் சண்டை போட்டு என் பெயரை ஏற்றியிருப்பேன். நீ இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன். இப்போது அதையே எடுத்து என் மேல் வீசுகிறாய். உன் சாமர்த்தியத்துக்குத் திருஷ்டி சுற்றித்தான் போட வேண்டும்.

ஒரு செய்தி சொல்கிறேன், கேள். தொழிலாளர் இழப்பீட்டு விதிகளைத் திருத்த அரசு ஒரு குழு அமைத்திருக்கிறது. தோட்டங்களில் பெயரில்லாமல் வேலை செய்யும் பெண்களைப் பற்றி விசாரிக்க ஏப்ரலில் குளுவாங் வருகிறார்கள். அதன் செயலாளர் ரூபேந்திரன் என்பவரைப் பார்த்து மனு கொடுத்துவிட்டேன். உன் மேனேஜரையும் கூப்பிடுவார்களாம். "உங்களுக்குச் சாட்சி யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். "என் தம்பி இருக்கான் சார்" என்று உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

விதி மாறினாலும் பழைய விபத்துக்குச் செல்லாது, எனக்கு ஒன்றும் கிடைக்காது என்று அவர் அப்போதே சொல்லிவிட்டார். கிடைக்காமல் போகட்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான். உன் மேனேஜர் உட்கார்ந்திருக்கும்போது நீ எழுந்து நின்று, என் அக்கா வேலை செய்தாள் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் லோகாவின் கல்யாணத்தில் தாய்மாமன் இடம் உனக்கு. சொல்லாவிட்டால் அங்கே நீ நிற்கமாட்டாய். இது நான் பெற்ற பிள்ளை மேல் சத்தியம்.

உன் மச்சான், "புள்ள கல்யாணத்துல போய்ப் பழி வாங்காத மலர்" என்கிறார். வேறு எதை வைத்து வாங்குவது? என் கையில் வேறு என்ன இருக்கிறது?

உன் அக்கா
மலர்

---

ரெங்கம்
12 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். வீட்டுக்காரியிடம்கூடக் காட்டவில்லை. அவள் படித்தால் பயந்துபோவாள்.

வருகிறேன் அக்கா. வந்து சொல்கிறேன்.

மேனேஜர் கூப்பிட்டு, "குளுவாங்ல என்ன பேசணும்னு உனக்குத் தெரியும்தானே செல்வா?" என்றார். தலையாட்டினேன். அதைப் பெரிதாக நினைக்காதீர்கள். அவர் முன்னால் தலையாட்டாதவன் இந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை. குளுவாங்கில் பேசப்போகிற வாய் என்னுடையது.

லோகாவுக்குப் பட்டம் செய்யச் சொல்லிவிட்டேன். சிவப்புக் கல் வைத்தது. சீர்த் தட்டுகளுக்கும் ஏற்பாடு நடக்கிறது. தாய்மாமன் வரும்போது மேளம் கொஞ்சம் பலமாக இருக்க வேண்டும் என்று மச்சானிடம் சொல்லிவையுங்கள். கோபத்தில் சாப்பிடாமல் இருக்காதீர்கள். மாத்திரையை விடாதீர்கள்.

என்றும் உங்கள் தம்பி
செல்வா

---

ஜொகூர் பாரு
2 மே 2024

செல்வாவுக்கு,

வந்தாய். உனக்காக நான் பிடித்துவைத்திருந்த நாற்காலியை விட்டுவிட்டு மேனேஜர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். ஆனாலும் பையன் எழுந்தால் சொல்லிவிடுவான், எழுந்தால் சொல்லிவிடுவான் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எழுந்தாய். "எப்பவாவது வந்து மச்சானுக்கு ஒத்தாசை பண்ணுவாங்க சார்" என்றாய்.

முன்பு சொன்னது முழுப் பொய். இது பாதிப் பொய். முழுப் பொய்யைச் சொன்னபோது நீ பயந்துபோய்ச் சொன்னாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாதிப் பொய்யை நீ வீட்டில் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறாய். மேனேஜரும் சிரிப்பார், அக்காவும் சமாதானமாவாள் என்று நினைத்தாயா? எனக்கு அந்த இடத்திலேயே உன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உன் மச்சான் என் கையை விடவில்லை.

கூட்டம் முடியப் போகிற நேரத்தில் பின்னால் ஜுனைடி எழுந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. "காகாக் இனி கெர்ஜா, துவான். தியாப் ஹாரி" என்றான். இந்த அக்கா வேலை செய்தார், தினமும் செய்தார். மேனேஜர் திரும்பிப் பார்த்தார். நிச்சயமாகத் தெரியுமா என்று மேசையில் இருந்த குழுவினர் கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னான். அவனுக்கு இந்த நாட்டில் வீடு இல்லை, நாளைக்கு நிற்க ஒரு இடம் இல்லை. உனக்கு எல்லாம் இருந்தது.

அந்த வாரமே அவன் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியாது என்று உன் ஆபீஸ் சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பை அவன் கையில் கொடுத்ததும் நீதானாமே. ரூபேந்திரன் தலையிட்டுப் பண்டார் தெங்காராவில் வேறு தோட்டத்தில் சேர்த்துவிட்டார். அவரும் இல்லாவிட்டால் அவனைக் கப்பலேற்றியிருப்பீர்கள்.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உன் தசை ஆபீஸ் நாற்காலியோடு ஒட்டிப்போய்விட்டது.

மலர்

---

ரெங்கம்
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இடையில் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. இதற்காவது மனம் இரங்குவீர்கள் என்று எழுதுகிறேன்.

நல்ல செய்தி அக்கா. குழு விசாரித்த தோட்டங்களுக்கெல்லாம் உத்தரவு வந்துவிட்டது. பழம் பொறுக்கும் பெண்கள் அத்தனை பேரையும் அவரவர் பெயரில் பதிய வேண்டும், காப்புறுதி கட்ட வேண்டும், அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்ப்பார்கள். மேனேஜரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நேற்றுக் காலைப் பெரட்டில் பெண்கள் வரிசையாக நின்று பெயர் சொன்னார்கள். நான்தான் எழுதினேன். ஒருத்தி, "மலரக்கா இல்லன்னா இது நடந்திருக்குமா கிராணியாரே?" என்று என்னைப் பார்த்தே கேட்டாள். நான் தலை நிமிராமல் அடுத்த பெயரை எழுதினேன்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். ஜெயித்தவருக்குப் பெருந்தன்மை வேண்டாமா? நான் கோழைதான். ஒத்துக்கொள்கிறேன். அடிக்க வேண்டுமானால் வீட்டுக்குக் கூப்பிட்டு அடியுங்கள்.

கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. வெறும் விருந்தாளிக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் தாய்மாமன் என்று போட்ட இடத்துக்குக் கீழே யார் பெயரும் அச்சடிக்கவில்லை. "அந்த எடம் உங்களுக்காகத்தான், அக்கா வாய்விட்டுக் கூப்பிட மாட்டாங்க, நாமளே போகணும்" என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பட்டத்தோடு குடும்பமாக வருகிறோம்.

உங்கள் தம்பி
செல்வா

---

ஜொகூர் பாரு
10 செப்டம்பர் 2024

ரெங்கம் தோட்டத்துக் கிராணி திரு. செல்வா அவர்களுக்கு,

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருமணத்துக்கு வந்ததற்கு நன்றி. விருந்துக்கு இருக்காமல் போய்விட்டீர்கள். பிள்ளைகள் பசியோடு போயிருப்பார்களே என்பதில் மட்டும் எனக்கு வருத்தம்.

அய்யர் மைக்கில், "தாய்மாமன் யாருங்க, முன்னால வாங்க" என்று கூப்பிட்டார். நீங்கள் தட்டை ஏந்திக்கொண்டு கூட்டத்திலிருந்து வெளியே வந்தீர்கள். வர வேண்டும் என்றுதான் பத்திரிகையில் அந்த இடத்தை வெறுமனே விட்டேன். நீங்கள் பாதி வழி வரும்வரை காத்திருந்தேன். பிறகு மைக்கை வாங்கி, "என் கூடப்பிறந்தவன் ஜுனைடி, வாப்பா" என்றேன்.

மேளம் நின்றுவிட்டது. முன்வரிசையிலிருந்து ஜுனைடி எழுந்து வந்தான். என் வீட்டுக்காரர் வாங்கிக்கொடுத்த பாத்தேக் சட்டை. விபூதி வேண்டாம் காகாக், மாலை போதும் என்று முன்னாடியே சொல்லியிருந்தான். அய்யர் என்னைப் பார்த்தார், நான் அய்யரைப் பார்த்தேன். அவர் மந்திரத்தை ஆரம்பித்தார். லோகா நெற்றியைக் காட்டிக் குனிந்து நின்றாள். நாங்கள் வாங்கிவைத்திருந்த பட்டத்தைக் கட்டத் தெரியாமல் அவன் இரண்டு முறை முடிச்சு போட்டான். கையைப் பிடித்து மணவறையில் கொண்டுவந்து உட்காரவைத்தான்.

அவ்வளவு நேரமும் நீங்கள் நடுவழியில் நின்றீர்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் மணப்பெண்ணை விட்டுவிட்டு உங்களைப் பார்த்தார்கள். உங்கள் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். நான் அதைப் பார்க்கத்தான் ஏப்ரலிலிருந்து காத்திருந்தேன். குளுவாங்கில் அத்தனை பேருக்கு நடுவில் என் இரத்தம் என்னை யாரோ என்று சொல்ல, நான் கேட்டுக்கொண்டு நின்றேனே, அதேபோல நீங்களும் ஒரு நாள் நிற்க வேண்டும் என்று வேண்டாத தெய்வம் இல்லை.

மனசு ஆறிச்சா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆறிச்சு என்றேன். அது பொய் இல்லை. அன்றைக்கு இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

நீங்கள் தட்டை வாசல் மேசைமேல் வைத்துவிட்டு, குனிந்து செருப்பைத் தேடினீர்கள். சின்னவன் என்னைப் பார்த்துக் கையாட்டினான். தம்பி என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பி வந்திருப்பீர்கள். அந்தச் சொல் வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இப்படிக்கு
மலர் மணியம்