முப்பத்தைந்து சுற்று

மார்ச் 3, செவ்வாய்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: பியானோக்காரர். பேண்டை நடத்திய கோணவாயன். நீலப் பாவாடைப் பாட்டுக்காரி. ட்ரம்ஸ் அடித்த தடியன். முன்வரிசையில் நான், மருமகள், அவள் மடியில் மூன்று வயதுப் பேத்தி. மேடையின் இடது ஓரத்தில், இரவல் கோட்டில், ட்ரம்பெட்டோடு என் மகன். பதினான்கு வருஷம் ஆகிறது. யார் எந்த நாற்காலியில் என்று இப்போதும் சொல்வேன்.

இன்றைக்கு ஏன் இது? பேத்தி பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள். "பாட்டி, இசைக் கல்லூரித் தேர்வுக்கு என்ன பாட்டு குடுத்திருக்காங்க தெரியுமா?" சொன்னாள். அன்று மகன் வாசித்த அதே ஜாஸ் பாட்டு. தையலுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரி நழுவிக் காலருகே விழுந்தது.

நல்ல வேளை, மகன் கிடங்கு வேலையிலிருந்து இன்னும் வரவில்லை.

மார்ச் 4, புதன்

பயம். வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 6, வெள்ளி

பாட்டை வாசித்தால் மட்டும் போதாதாம். நடுவில் தனியாக எழுந்து சோலோ வாசிக்க வேண்டும். அது தாளில் எழுதியிருக்காது. பெரிய ஆட்கள் வாசித்த பதிவுகளைத் தேடி, ஒன்றைப் பொறுக்கி, காதால் கேட்டே பிடிக்க வேண்டும். முதலில் வாயால் பாட வரவேண்டும், அதற்குப் பிறகுதான் ட்ரம்பெட்டைத் தொடலாம் என்று வாத்தியார் கறாராகச் சொல்லிவிட்டாராம்.

போனில் பதினோரு பதிவு எடுத்து வைத்திருக்கிறாள். ஒன்று துரத்திக்கொண்டு வருகிற ஓட்டம். ஒன்றில் பாடுகிறவள் வாயை மூடுவதேயில்லை. இன்னொன்றில் ட்ரம்பெட் வரவேண்டிய இடத்தில் சாக்ஸபோன் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. "எதுவும் என் மூச்சுக்கு ஒத்து வரல பாட்டி."

பன்னிரண்டாவது என் கட்டிலுக்கடியில் பெட்டியில் இருக்கிறது. மகன் கேட்டுக் கேட்டுக் கற்ற இசைத்தட்டு. சொல்வேனா? மாட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஊசி டப்பா தேடுகிறேன் என்று பெட்டியை இழுத்தவள் தட்டை எடுத்துவிட்டாள். தட்டு ஓட்டும் பழைய மெஷின் இத்தனை வருஷத்தில் கெட்டுப்போயிருக்கும் என்று நம்பியிருந்தேன். பாவி மெஷின், ஓடியது.

"இதுல அவர் மூச்சு வாங்குறதுகூட கேக்குது! இதேதான் பாட்டி!"

மகன் உள்ளே வந்தான். கேட்டான். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"பாட்டு என்ன கடிக்கவா போகுது அத்தை? முகத்தை ஏன் இப்படி வச்சிருக்கீங்க?" என்றாள் மருமகள். "கடிச்சுச்சே, நீயும் பக்கத்துலதானே இருந்த!" என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன். ட்ரம்பெட்காரனுக்குக் காய்ச்சல். ஒத்திகைகூட இல்லாமல் மகனைக் கூப்பிட்டார்கள். பாட்டுக்காரி பாடி முடித்ததும் சோலோவுக்கு எழுந்தான். வீட்டில் தட்டோடு சேர்ந்து வாசித்தபோது தேனாக இருந்தது, அங்கே தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி. கோணவாயன் சிரித்தான். பியானோக்காரர் கட்டைகளிலிருந்து இரண்டு கையையும் தூக்கிவிட்டார் — எம் புள்ளைய நடுத்தெருவுல விட்ட மாதிரி! மகன் ட்ரம்பெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினான். பிறகு அதைத் தொடவில்லை. பேச்சும் குறைந்துபோனது. கேட்டால், "என் காதுலதான் கோளாறும்மா" என்பான்.

இப்போது இவள். இவளுக்குப் பதினேழுதான் ஆகிறது.

மார்ச் 12, வியாழன்

முழு சோலோவும் அவளுக்கு வந்துவிட்டது. குழாயடியில்கூட அதைத்தான் முணுமுணுக்கிறாள். நான் மூன்று கால்சட்டைக்கு ஓரம் கோணலாக மடித்துத் தைத்துப் பிரித்தேன்.

மார்ச் 14, சனி

தேர்வில் துணைக்கு வாசிக்கப்போகிறவரோடு ஒத்திகை. யார் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. அதே பியானோக்காரர். தலை முழுக்க நரை. வணக்கம் சொன்னார். நான் சுவரைப் பார்த்தேன்.

பேத்தி சோலோவைத் தொடங்கினாள். தகரத்தில் ஆணி.

அவள் உதடு வெளுத்ததை நான் பார்த்தேன், அன்று இவள் அப்பனுக்கு வெளுத்த அதே மாதிரி. அந்த மனிதர் இரண்டு கையையும் தூக்கினார். எழுந்துவிட்டேன்.

"அன்னைக்கு எம் மகனை விட்டீங்க, இன்னைக்கு இவளையுமா? கையத் தூக்கிட்டா உங்க மேல தப்பு இல்லைன்னு ஆயிடுமா?"

"உக்காருங்கம்மா. நானும் கூட வாசிச்சா இன்னும் அசிங்கமாக் கேக்கும். அதான் நிறுத்தினேன். அன்னைக்கும் அதுக்காகத்தான்."

அவளிடம் திரும்பினார். "நீ எதையும் தப்பா வாசிக்கலம்மா. மொத்தமும் அரை சுரம் மேல இருக்கு, அவ்வளவுதான். எதைக் கேட்டுக் கத்துக்கிட்ட?"

"வீட்டுல ஒரு தட்டு இருக்கு..."

"அப்பாவும் அதுலதானா? மெஷின் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணிப் பாரு. நிமிஷத்துக்கு முப்பத்து மூணு சுத்தணும்."

வீட்டுக்கு வந்ததும் தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒட்டினாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவள் எண்ணினாள். முப்பத்தைந்து. இன்னொரு முறை. முப்பத்தைந்து.

"வேகமா சுத்துது, அதான் சுரம் ஏறிப்போச்சு. ஆனா ஏன் பாட்டி வேகமா சுத்துது?"

தெரியல என்றேன். தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

எல்லோரும் வெளியே போனதும் மெஷினின் அடித்தட்டைக் கழற்றினேன். மோட்டார் கப்பியில் கறுப்பு நூல், கால்சட்டைக்குப் போடும் தடித்த நூல். இத்தனை வருஷத்தில் இறுகி, மெழுகு பூசின மாதிரி கப்பியோடு ஒட்டிக் கிடந்தது. என் முடிச்சு. என் கை.

தையல் மெஷினில் பட்டை நழுவினால் அப்படித்தான் செய்வேன், கப்பியில் நூல் சுற்றி இறுக்குவேன். இதிலும் பட்டை நழுவியது. மகன் கடையில் காட்டலாம் என்றான். "கடை எதுக்குடா, நான் செத்தா போயிட்டேன்?" என்று நான்தான் சுற்றினேன். அந்த மாதம்தான் தட்டைக் கொண்டுவந்தான்.

கப்பி பருத்தால் வேகம் கூடும். இது எனக்குத் தெரியாததா? தெரிஞ்ச கழுதைக்கு அப்போ ஏன் தோணலை?

அவனிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால்தான் என்ன? பேத்திக்குக் காரணம் தெரிந்தாயிற்று, பழுது என்று நினைத்துக்கொள்வாள். எழுத்து ஏறி இறங்குகிறது.

மார்ச் 16, திங்கள்

சாப்பிட உட்கார்ந்தவன் தட்டருகே நூலை வைத்தேன். சொன்னேன். முழுக்கச் சொன்னேன்.

நூலை விரலில் சுற்றிப் பார்த்தான். பாதிச் சாப்பாட்டில் கை கழுவினான். வேலைக்குப் போய்விட்டான்.

மார்ச் 17, செவ்வாய்

மகன் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட்டான். திரும்பி வருகிற நேரம் தாண்டி ஒவ்வொரு நிமிஷமும் வாசலில் நின்றேன். எங்காவது போய்விடுவானோ? வந்தான். பேசவில்லை.

மார்ச் 18, புதன்

உள்ளறையில் குரல். கதவிடுக்கில் பார்த்தேன்.

"அரை சுரம் இறங்கினா விரல் எல்லாம் மாறும். பழைய விரலை மறந்துடு. முதல்ல பாடு."

"நீங்க பாடுங்கப்பா."

பாடினான். ஒரு இடம்கூடப் பிசகவில்லை. கடையில் புதுப் பட்டை மாட்டி வந்த மெஷின் முப்பத்து மூன்று சுற்றிக்கொண்டிருந்தது.

மார்ச் 21, சனி

தேர்வு முடிந்தது. வெளியே பெஞ்சில் நானும் மகனும். கதவு வழியாக பியானோ கேட்டது, பிறகு ட்ரம்பெட். அவன் என் கையைப் பிடித்திருந்தான். நொறுங்கும்படிப் பிடித்திருந்தான். ஒரு இடத்தில் அவள் தடுக்கினாள், பியானோ காத்து நின்று அவளை ஏற்றிக்கொண்டது. கை தூக்கவில்லை. முடிவு வர இரண்டு வாரமாம்.

"இத்தனை வருஷமா என் காதைத்தாம்மா சந்தேகப்பட்டேன்," என்றான். சிரித்தான். "விடு. நூல்தானே."

பியானோக்காரர் பெயரை இன்று என் பகைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டேன். வாசலில் நானே போய் வணக்கம் சொன்னேன். கோணவாயன் சிரித்தது சிரித்ததுதான், ஆனாலும் போகட்டும், தப்பான சுரத்துக்குத்தான் சிரித்தான். மகன் என்னிடம் நூல்தானே என்று சொல்லிவிட்டான், அது அவன் மனசு.

நான் மன்னிக்கப்போவதில்லை, கடை எதுக்கு என்று கேட்டு அந்தக் கப்பியில் நூல் சுற்றிய தையற்காரியை.