தோள் ஒடிந்த அன்று போட்ட காப்பி

என் அன்பு நங்கையா,

கணவருடைய அக்காவுக்கு யாரும் இப்படிக் கடிதம் எழுதுவதில்லை. நீங்கள் கண்மூடி இரண்டு வருடமான பிறகு நான் எழுதுகிறேன்.

“டீச்சரு சைக்கிள்ல பள்ளிக்கூடம் போனா என்னடா, தேஞ்சா போயிருவா?” என்று உங்கள் தம்பியோடு சண்டை பிடித்து எனக்கு ஒரு சைக்கிள் வாங்கித் தந்தீர்களே, அதிலிருந்து விழுந்துவிட்டேன். வலது தோள் எலும்பு ஒடிந்து மூன்று மாதமாகிறது. பயப்படாதீர்கள், சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சிங்காநல்லூரில் நம் தெரு முனையில்தான். மழை பெய்து சேறாகக் கிடந்தது. தேங்காய் மூட்டையோடு மொபெட்டில் வந்த ஒருவர் சட்டென்று திரும்ப, நான் பிரேக் பிடிக்க, வழுக்கி விழுந்தேன். பாவம், அவர்தான் நடுங்கிப்போனார்.

“ஏனுங்க அம்மணி, அடி பட்டுருச்சுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு ஏதும் ஆகலீங்களே?”

சைக்கிளை உருட்டிக்கொண்டு வீடுவரைக்கும் வந்தார். வாசலுக்கு வந்தவரை வெறுமனே அனுப்ப முடியுமா? உட்காரச் சொல்லி, இடது கையாலேயே பால் காய்ச்சிக் காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “சக்கரை மட்டும் கொஞ்சம் கம்மிங்க” என்றார். அதையும் போட்டேன். அவர் தெருவைத் தாண்டிய பிறகுதான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள்தான் டாக்டரிடம் போனோம். நடந்ததைக் கேட்டுக்கொண்டே எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், “தோளு ஒடஞ்ச கையோட காப்பி போட்டுக் குடுத்தீங்களா?” என்றார்.

“ஊடு வரைக்கும் வந்துட்டாருங்களே” என்றேன்.

உங்கள் தம்பி தலையில் அடித்துக்கொண்டார். நீங்களாக இருந்தால் முறுக்கும் வைத்திருப்பீர்கள்.

ஆறு வாரம் கழுத்தில் கட்டிய துணித் தூளியில் கை தொங்கியது. அதன்பின் பிசியோதெரபி. சுவரில் விரல்களைப் பல்லி ஏறுவதுபோல மேலே நகர்த்த வேண்டும். பயிற்சி தருகிற மல்லிகா, “வலிக்குதுங்களா டீச்சர்?” என்று நிமிடத்துக்கொரு தரம் கேட்பாள். “பரவால்லம்மா” என்பேன். அவளும் நம்பி இன்னும் கொஞ்சம் தூக்குவாள். ஒரு நாள் தோள் வீங்கி, கை மறுபடி தூளிக்கே போனது. இப்படியே போனால் தோள் இறுகிவிடும், கரும்பலகைக்குக் கை எட்டாது என்று டாக்டர் எச்சரித்தார். மல்லிகா அழுதேவிட்டாள். “நீங்க சொன்னாத்தானுங்களே எனக்குத் தெரியும்?”

அந்தக் கேள்வியில் உங்கள் முகம் வந்து நின்றது. உங்கள் கடைசிப் பொங்கலன்று பந்தி பரிமாறும்போது, முந்தானைக்குள் கையை விட்டு வயிற்றை அமுக்கிக்கொண்டு நின்றீர்கள். நான் பார்த்தேன்.

“என்னுங்க நங்கையா?”

“வாயு கண்ணு. நீ சோத்தப் போடு.”

போட்டேன். ஆடி வரைக்கும் அப்படியே ஓட்டினீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது இனிமேல் செய்வதற்கு ஏதுமில்லை என்றார்கள்.

மறைத்துவிட்டீர்கள் என்று இத்தனை நாளும் உங்கள்மேல் கோபம். நான் ஏன் இரண்டாவது தரம் கேட்கவில்லை? மரியாதையா? அந்தப் பதில் எனக்கும் சௌகரியமாக இருந்ததா?

இப்போது மல்லிகாவிடம், “வலிக்குது, நிறுத்தும்மா” என்கிறேன். முதல்முறை சொன்னபோது வெட்கமாக இருந்தது. கை நெற்றிவரை எட்டுகிறது. பொட்டு நானே வைத்துக்கொள்கிறேன். தலை பின்னிவிடுவது மட்டும் இன்னும் உங்கள் தம்பிதான். வகிடு எடுக்க இந்த ஜென்மத்தில் அவருக்கு வராது.

பல்லடத்திலிருந்து உங்கள் மகள் கலாமணி நேற்று போன் செய்தாள். பேச்சுக்கு நடுவே இரண்டு தடவை மூச்சு வாங்கியது. என்னவென்று கேட்டேன். “தறிச் சத்தத்துல சரியாத் தூக்கமில்லீங்க அத்தை, வேற ஒண்ணுமில்லீங்க” என்றாள். அப்படியே உங்கள் குரல்.

நாளைக் காலை பல்லடம் பஸ் ஏறுகிறேன். சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லப் போவதில்லை. எத்தனை நாளாக, எந்த இடத்தில் என்று கேட்பேன். மழுப்பினால் மறுபடியும் கேட்பேன். அவளை டாக்டரிடம் காட்டாமல் ஊர் திரும்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. சொந்தபந்தமெல்லாம் என்னை மரியாதை தெரியாதவள் என்றே பேசட்டும்.

உங்கள் தம்பி பொண்டாட்டி,
வசந்தா